என் பரிசோதனை முடிவு உம்மிடம் இருக்கிறது, மச்சான்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
11.03.2026

என் அன்புக்கும், அவ்வப்போது என் ஆத்திரத்துக்கும் உரிய மச்சான் சிவநேசம் அவர்களுக்கு,

உம்முடைய அத்தான் அரியரத்தினம் எழுதிக்கொள்வது. நீரும் உமது துணைவியாரும் பிள்ளைகளும் கந்தசுவாமியார் கிருபையால் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே உம்முடைய அக்கா சுகம். மகள் நிருஷா சுகம். என் சுகத்தைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை நிரப்பக்கூடிய ஒரே ஆள் நீர்தான் என்பதால் நீரே எழுதித் திருப்பி அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். சென்ற மாதம் நான் கிளினிக்கில் கொடுத்த பரிசோதனையின் முடிவு உம்மிடம் இருக்கிறது. எனக்கு அது வேண்டும். கடிதத்தின் நோக்கம் அவ்வளவுதான், மிச்சம் எல்லாம் விளக்கம்.

பாலத்தைத் தாண்டினால் நீர் இருக்கிற இல்-பிசார், காரில் எட்டு நிமிடம், இதற்கு ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் என்று நீர் கேட்பீர். தொலைபேசியில் மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் அடுப்பில் பால் பொங்குகிறது என்றீர். இரண்டாம் தரமும் பால்தான் பொங்கியது. மூன்றாம் தரம் நான் வாய் திறக்க முன்னமே, "அத்தான், உங்களுக்குக் கணவாய்க் கறி விருப்பமெல்லே, நாளைக்குக் கொண்டுவாறன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர். நேரில் வரலாம் என்று சப்பாத்தும் போட்டுக் கார்வரை போனேன். ஆனால் உம்முடைய முகம் கண்ணாடி அலுமாரி மாதிரி, உள்ளே அடுக்கி வைத்திருப்பது எல்லாம் வெளியே தெரியும். அந்த முகத்தை ஆயத்தம் இல்லாமல் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன், பயமாக இருந்தது. ஆகவே திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பேனாவை எடுத்தேன்.

இந்த வில்லங்கம் எல்லாம் எப்படித் தொடங்கியது என்று உமக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நிருஷாவும் அவளுடைய சிநேகிதி செலீனும் நோத்ர-டாம்-த-கிரேசில் ஒரு அப்பார்ட்மென்ட் அறையில் இருந்து கம்பனி நடத்துகிறார்கள். என்ன கம்பனி என்று இரண்டு வருடமாக எனக்கு விளங்கவில்லை. கல்யாண வீடுகளில் கேட்டவர்களுக்கு "கொம்பியூட்டர்" என்று சொல்லிச் சமாளித்தேன். இந்த ஜனவரியில்தான் அவள் என்னை இருத்தி விளங்கப்படுத்தினாள். கதைக்கிற மெசின் ஒன்று இருக்கிறதாம், அதற்குப் பெயர் ஏஜென்ட். ஏஜென்ட் என்றதும் எனக்கு 1988இல் கனடா என்று சொல்லி எங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பாங்கொக்கில் நாலு மாதம் இருத்தி வைத்தவனின் முகம்தான் வந்தது, ஆனால் இது அவனைவிட நேர்மையானது என்று மகள் சத்தியம் பண்ணினாள். வயதுபோன ஆட்கள் போன் எடுத்து, என்ர இரத்தப் பரிசோதனை வந்திட்டுதோ என்று தமிழில் கேட்டால் மெசின் தமிழிலேயே பதில் சொல்லும். ஆனால் மெசினுக்குத் தானாக ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இன்னொரு கருவி இருக்கிறது, அது கிளினிக்கின் பதிவுகளுக்குள் போய் உரியவரின் விபரத்தைத் தேடி எடுத்து மெசினிடம் கொடுக்கும். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் நாங்கள் மேசையில் இருக்க, பியோன் உள்ளறைக்குப் போய்க் கோப்பு எடுத்து வருவானே, அதே ஒழுங்கு. எந்த நேரத்தில் அந்தக் கருவியைக் கூப்பிடுவது, என்ன விபரம் கொடுத்துக் கேட்பது, அது கொண்டுவருவதை எப்படிச் சொல்வது என்று மெசினுக்கு ஒரு விளக்கம் எழுதி வைக்க வேண்டும். அதை மனிதர் யாரும் வாசிப்பதில்லை. மெசின் வாசிக்கும், வாசித்தபடி நடக்கும்.

மச்சான், ஒன்பது வருடம் கச்சேரியில் சுற்றறிக்கை எழுதியவன் நான். எழுதியதில் ஒன்றையாவது ஒருவரும் வாசித்ததும் இல்லை, அதன்படி நடந்ததும் இல்லை. அதற்குப் பிறகு இங்கே வந்து இருபத்தாறு வருடம் உடுப்புத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தேன், பொத்தானும் நான் சொல்வதைக் கேட்டதில்லை. இப்படிப்பட்ட ஒரு எழுதுவினைஞருக்கு, எழுதியதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிற ஒரு வாசகர் எழுபத்திரண்டாவது வயதில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாரும்.

முதலில் நிருஷாதான் எழுதினாள், ஏழே ஏழு வரி. பரீட்சார்த்தமாக நம்முடைய முதியோர் சங்கத்தில் பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தோம், நீரும் கொடுத்தீர். முதல் கிழமையே செபமாலை அண்ணை பேரப்பிள்ளையின் பிறந்தநாள் வீட்டில், ஒரு கையில் பற்றிஸ், மறு கையில் போன், மெசினைக் கூப்பிட்டுத் தன்னுடைய முடிவைக் கேட்டிருக்கிறார். அது வணக்கம் சொல்லி, சீனி இவ்வளவு, இருக்க வேண்டியது இவ்வளவு, இப்படியே விட்டால் முதலில் கண், பிறகு கால், பிறகு சிறுநீரகம் என்று வரிசையாகச் சொல்லி, வேறு ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறது. மனிசன் கேக் வெட்ட முன்னமே கதிரையில் சாய்ந்துவிட்டார். அடுத்த நாள் சங்கத்தில் அவசரக் கூட்டம். மார்க்கண்டர் எழும்பி, "உண்மையைச் சொல்லுறது வேற, முகத்தில அடிக்கிறது வேற. உந்த மெசினை ஆர் வளர்த்தது?" என்று கேட்டார். பதினேழு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீரும் பார்த்தீர், நான் மறக்கவில்லை. அன்று பின்னேரம் நிருஷாவிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, எங்கட ஆக்களோட எப்பிடிக் கதைக்கிறதெண்டு நீங்களே எழுதித் தாங்கோ அப்பா, ஒரு பக்கம் காணும் என்றாள்.

பதினாறு பக்கம் எழுதினேன்.

தலைப்பு, "நோய் விபரம் தேடும் கருவியைக் கையாளும் ஒழுங்குமுறை: சுற்றறிக்கை இலக்கம் 1". முதல் இரண்டு பக்கமும் பெயர். நம்முடைய ஆட்களுக்கு ஊரில் தகப்பன் பெயர் முன்னுக்கு, கனடாவில் அதே பெயர் பின்னுக்கு. கிளினிக்கில் என்னை என் காலஞ்சென்ற தகப்பனாரின் பெயர் சொல்லிக் கூப்பிட, முப்பத்தேழு வருடமாக அவருக்காக நான் எழும்பிப் போய்க்கொண்டிருக்கிறேன். ஆகவே தகப்பனும் மகனும் ஒரே ஆளாக இருக்கலாம், பதற வேண்டாம் என்று குறிப்பெழுதினேன். அடுத்தது பிறந்த திகதி. வாயால் சொல்லும் திகதி வேறு, பாஸ்போட்டில் உள்ள திகதி வேறு, சாதகத்தில் உள்ள திகதி வேறு, மூன்றும் ஒத்து வந்தால் ஆள்மாறாட்டம் என்று சந்தேகிக்கவும் என்று எழுதினேன். பிறகு மரியாதை. எடுத்த எடுப்பில் விடயத்துக்குப் போகக்கூடாது, முதலில் சாப்பாடு, பிறகு ஸ்னோ, பிறகு பிள்ளைகள், அதன் பிறகே வருத்தம். இலக்கங்களை வாயால் சொல்லக்கூடாது, எதுவாக இருந்தாலும் "கொஞ்சம் கூட" என்றால் போதும். புற்றுநோயை "அந்த வருத்தம்" என்க. போனை வைக்கும்போது "போறன்" என்ற அபசகுனமான சொல் வரவே கூடாது, "போட்டு வாறன்" என்றே சொல்ல வேண்டும். இவை எல்லாம் உமக்கும் எனக்கும் பிறவியிலேயே தெரிந்தவை. மெசினுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

பிறகு ஏழாம் பந்தி. அதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்: "முடிவு நல்லதாயின் உரியவருக்கே உடன் அறிவிக்கலாம். முடிவு பாதகமாயின் உரியவருக்கு எக்காரணம் கொண்டும் நேரே சொல்லலாகாது. அவர் பெயர் கொடுத்துள்ள பொறுப்பான ஆளிடம், அவ்வாள் உணவருந்திய பின்னர், மெதுவாகச் சொல்லவும். உரியவர் வற்புறுத்திக் கேட்பின், யாவும் சுகம் என்க." எழுதி முடித்து ஒரு தரம் சத்தமாக வாசித்தேன். உம்முடைய அக்கா குசினியில் இருந்து, நல்லாயிருக்கு என்றா. நிருஷா செலீனுக்குப் பிரெஞ்சில் சுருக்கிச் சொன்னபோது அவள் கண் கலங்கி, உங்கள் மக்கள் எவ்வளவு இரக்கமுள்ளவர்கள் என்று சொன்னாளாம். நானும் நம்பிவிட்டேன்.

மெசின் அன்று இரவே பதினாறு பக்கத்தையும் மனப்பாடம் பண்ணியது. அடுத்த நாள் தொடங்கியது பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. சங்கத்து மாக்கிரட் அக்காவுக்குப் போன் எடுத்து, சாப்பாடு, ஸ்னோ, பிள்ளைகள் எல்லாம் விசாரித்துவிட்டு, "சரி அக்கா, போட்டு வாறன்" என்று வைத்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. வருகிறேன் என்று சொன்னதல்லவா. மறுபடியும் சாப்பாடு, ஸ்னோ, பிள்ளைகள், போட்டு வாறன். அன்றைக்கு மட்டும் இருபத்துமூன்று தரம் வந்ததாம். பன்னிரண்டாவது தரத்துக்குப் பிறகு அவவுக்குச் சாப்பிடாமல் இருக்கப் பயமாகிவிட்டது, மெசின் கேட்கும் என்று மத்தியானம் இரண்டு தரம் சாப்பிட்டிருக்கிறா. மார்க்கண்டருக்கோ அது பெரிய கொண்டாட்டம். தான் காலையில் வழித்துத் துப்பரவாக்கிய வாசலில் நகரசபை வண்டி திரும்பவும் ஸ்னோவைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகிற அநியாயத்தை அவர் பெற்ற பிள்ளைகளே காதுகொடுத்துக் கேட்பதில்லை, மெசின் ஒரு மணியும் பத்து நிமிடமும் கேட்டதாம், நடுவில் "அதெல்லே" என்று வேறு சொன்னதாம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். தன்னுடைய இரத்தப் பரிசோதனையைக் கேட்க மறந்துவிட்டார்.

இவை எல்லாம் சிரிக்கிற விடயம். ஏழாம் பந்தியில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. பதினெட்டுப் பேரில் மூன்று பேர் பொறுப்பான ஆள் என்று என்னுடைய பெயரைக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளின் பெயரைக் கொடுத்தால் பிள்ளைகள் கவலைப்படும், மனிசியின் பெயரைக் கொடுத்தால் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும், அரியத்துக்குப் பிரெஞ்சும் தெரியும், வாயும் இறுக்கம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆகவே மெசின் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, மெதுவாக, ஒவ்வொருவராக எனக்குச் சொன்னது. மார்க்கண்டர், மாக்கிரட் அக்கா, சீனிக்குப் பிறகு இன்னொரு முடிவும் வந்த செபமாலை அண்ணை. பெரிய ஆபத்து ஒருவருக்கும் இல்லை, ஆனாலும் யாருக்கு எது என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு பொறுப்பான ஆள் என்ன செய்ய வேண்டும் என்று தேடி என்னுடைய பதினாறு பக்கத்தையும் நானே புரட்டினேன். எழுத மறந்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை சங்கத்தில் எனக்கு அந்த மூன்று பேரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. செபமாலை அண்ணையின் தட்டில் இருந்து வடையை எடுத்து என் தட்டில் வைத்தேன். (கொழுப்பு யாருக்கு என்று இப்போது உமக்கு விளங்கியிருக்கும், பரவாயில்லை.) மார்க்கண்டரின் பகிடிக்குச் சிரித்தேன். முப்பது வருடத்தில் அவருடைய பகிடிக்கு யாரும் சிரித்ததில்லை, மனிசன் முகம் வெளுத்து, திங்கட்கிழமை உயில் எழுத நொத்தாரிசிடம் போய்விட்டார். மாக்கிரட் அக்காவுக்கு ஒரு கதிரையை இழுத்துக் கொடுத்தேன். அவ இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று என்னை ஒரு பார்வை பார்த்தா.

"அரியம், எனக்கு என்ன?" என்றா.

"யாவும் சுகம் அக்கா" என்றேன். அவ பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் பஸ் தரிப்பில் நின்று அழுதாவாம்.

அதற்குப் பிறகு சங்கத்தில் ஒரு புதுச் சாத்திரம் பரவிவிட்டது. யாராவது உம்மிடம் அன்பாக நடந்தால் உமக்கு நாள் குறித்தாயிற்று என்று அர்த்தம். ஒருவரும் ஒருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதில்லை. கதவைத் திறந்து பிடித்தால், ஐயோ வேண்டாம் என்று யன்னல் பக்கமாக ஒதுங்குகிறார்கள். ஒருவரை ஒருவர் தூற்றிக்கொள்வதுதான் இப்போது ஆறுதல். போன கிழமை தலைவர் என்னைப் பார்த்து உதவாக்கரை என்று ஏசினார், எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இப்போது உம்முடைய விடயத்துக்கு வருகிறேன். அந்தச் சின்னப் போத்தல் பரிசோதனை ஞாபகம் இருக்கும். ஐம்பது தாண்டினால் குடலுக்கென்று கொடுக்கிறது, வீட்டில் வைத்து எடுத்து, மூடி இறுக்கி, கிளினிக்கில் சேர்க்க வேண்டும். நாம் இருவரும் ஒரே நாளில்தான் கொண்டுபோனோம். நீர் உம்முடையதை மூன்று பையில் சுற்றி, மனிசிக்குத் தெரியாமல் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தீர், கிளினிக் பிள்ளை பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்துக்கொண்டு, பொனப்பெத்தி, அதாவது நல்லாய்ச் சாப்பிடுங்கோ என்று பிரெஞ்சில் சொல்லிப் பெட்டியைத் திருப்பித் தந்தாளே, அந்த நாள். பொறுப்பான ஆள் யார் என்று கேட்டார்கள். நான் உம்முடைய பெயரைக் கொடுத்தேன். உலகத்தில் நான் நம்புகிற ஆள் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். இந்த வரியை நீர் அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

மாத முடிவில் மெசினைக் கூப்பிட்டேன். வணக்கம் ஐயா, சாப்பிட்டாச்சோ என்றது. சாப்பிட்டேன் என்றேன். உங்கட பக்கம் ஸ்னோ கரையுதோ என்றது. கரைகிறது என்றேன். மகள் சுகமோ என்றது. மகள் உன்னைச் செய்தவள், சுகமாகத்தான் இருக்கிறாள், என்னுடைய முடிவைச் சொல்லு என்றேன்.

"யாவும் சுகம் ஐயா."

மச்சான், நல்ல முடிவென்றால் அது "முடிவு நல்லது" என்று சொல்லும். "யாவும் சுகம்" என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அதை எழுதினவனே நான். கதிரையில் இருந்தேன். இருந்தபடியே, "நான்தான் உன்ர சுற்றறிக்கையை எழுதினது" என்றேன்.

"தெரியும் ஐயா. நல்ல தெளிவா எழுதியிருக்கிறீங்கள். அதாலதான் சொல்லேலாமல் கிடக்கு. போட்டு வாறன்."

ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, சாப்பிட்டாச்சோ என்றது.

அன்று தொடக்கம் நான் படாத பாடு இல்லை. கிளினிக்குக்கு நேரே போன் எடுத்தேன். பிரெஞ்சுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று அமத்தி அமத்திப் போக, கடைசியில் மணி அடித்து, வணக்கம் ஐயா என்று அதே குரல் வந்தது. கணினியில் பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள், கடவுச்சொல் நிருஷாவிடம், கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். டொக்டரிடம் நாள் கேட்டேன், ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தந்தார்கள். பொறுக்க முடியாமல் சுற்றறிக்கை இலக்கம் 2 எழுதினேன். ஏழாம் பந்தி இத்தால் இரத்துச் செய்யப்படுகிறது என்று ஒரே வரி. மெசின் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டது, ஆனால் இலக்கம் 1இன் கடைசிப் பந்தியில் "முன்னர் தீர்க்கப்பட்ட விடயங்களை மீளத் திறக்கலாகாது" என்று இருப்பதாகவும், என்னுடைய முடிவு பொறுப்பான ஆளிடம் சேர்ப்பிக்கப்பட்டுத் தீர்ந்துவிட்டதாகவும் பணிவாக அறிவித்தது. கச்சேரியில் எத்தனை கிழவர் கிழவியரை இதே வசனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன், தெரியாது. யன்னலுக்கு மற்றப் பக்கத்தில் நின்று பார்க்க அது வேறு மாதிரி இருக்கிறது.

கடைசியில் நிருஷாவிடமே போனேன். 105ஆம் இலக்க பஸ்ஸில் போனேன், கார் எடுக்கவில்லை. எங்கட ஆட்கள் யாராவது தங்களுடைய முடிவைத் திறந்து பார்க்க வழி உண்டோ, சும்மா கேக்கிறன் என்றேன். அவளும் செலீனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தான் ஒருவருடைய விபரத்தையும் திறக்க முடியாது, சட்டம் விடாது, பதினாறு பக்கத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுகிறோம், ஆனால் முன்பு போனது போனதுதான் என்றாள். பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டு, "அப்பா, உங்களுக்கு ஏதாவதோ?" என்று கேட்டாள்.

"யாவும் சுகம்" என்றேன். என்னுடைய வாயில் இருந்து அது வந்த விதம் எனக்கே பிடிக்கவில்லை.

இதற்கிடையில் நீர் செய்த வேலைகளைப் பாரும். ஐந்தாம் திகதி விடிய எழும்பிப் பார்க்கிறேன், என்னுடைய வாசல் ஸ்னோவை யாரோ வழித்திருக்கிறார்கள், உம்முடைய கார் சந்தியில் திரும்பிப் போகிறது. கணவாய்க் கறி வந்தது. அடுத்த நாள் இறால். 1994ஆம் ஆண்டுச் சீட்டாட்டத்தில் கள்ளம் செய்தது யார் என்ற வழக்கில் முப்பத்திரண்டு வருடமாக விட்டுக்கொடுக்காத நீர், திடீரென்று போன் எடுத்து, "நான்தான் அத்தான், நீங்கள் இல்லை" என்று ஒத்துக்கொண்டீர். கள்ளம் செய்தது நான், சிவநேசம். அது உமக்கும் தெரியும். ஒரு மனிதனுக்கு இதைவிடத் தெளிவாக ஒரு டொக்டர்கூட நோயைச் சொல்ல முடியாது. நீர் வாசலில் வைத்துவிட்டுப் போன இறாலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்தேன், உம்முடைய அக்கா, உப்புக் கூடவோ என்று கேட்டா.

ஆகவே ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். பூசி மெழுக வேண்டாம். இத்தனை நாளும் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது என்று பதினாறு பக்கம் எழுதினவன்தான் கேட்கிறேன், எனக்கு முகத்துக்கு நேரே சொல்லும். உமக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்று கீழே ஒரு படிவம் போட்டிருக்கிறேன், பேனாவால் ஒரு கோடு இழுத்தால் போதும், முத்திரை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

"அத்தானின் முடிவு: நல்லது / அவ்வளவு நல்லதல்ல / அந்த வருத்தம். (பொருந்தாதவற்றை வெட்டிவிடவும்.)"

திகதியும் கையொப்பமும் இடவும். சாட்சி தேவையில்லை.

உமக்கும் துணைவியாருக்கும் தீர்க்காயுள் உண்டாகவும், பிள்ளைகள் தமிழில் ஒரு வசனமாவது முழுதாகச் சொல்லி உங்கள் கண் குளிரவும், இந்த வசந்த காலத்தில் உம்முடைய கார் துருப்பிடியாமல் இருக்கவும் எல்லாம்வல்ல கந்தப்பெருமானை வேண்டி ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
பதில் வரும்வரை தபால்பெட்டியடியில் நிற்கும்,
உம்முடைய அத்தான்,
க. அரியரத்தினம்

பி.கு: உறையை ஒட்டிவிட்டுத் திரும்பக் கிழித்தேன். மேலே மூன்று பேர் என்று எழுதியது பொய். நாலு பேர். நாலாவது ஆள் நீர். இருபத்தேழாம் திகதி, நான் சாப்பிட்டு முடித்த பிறகு, மெசின் மெதுவாகச் சொன்னது. உமக்கும் அது யாவும் சுகம் என்றுதான் சொல்லியிருக்கும். நீர் கொடுத்த போத்தலில் இரத்தம் கண்டிருக்கிறது, சிவநேசம். எங்கே இருந்து என்று உள்ளே கமரா விட்டுப் பார்க்க வேண்டும். அநேகமாகச் சின்ன விடயமாகத்தான் இருக்குமாம், ஆனால் பார்க்காமல் விடவே கூடாதாம். உமக்கு இந்த மாதம் 19ஆம் திகதி வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நாள் தந்திருக்கிறார்கள். முதல் நாள் சாப்பாடு இல்லை, ஒரு மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்தால் வீட்டை விட்டு வெளிக்கிட முடியாது. பன்னிரண்டு நாளாக மெசின் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, சொல்லிட்டீங்களோ ஐயா என்று கேட்கிறது, நான் நாளைக்கு என்கிறேன். உமக்குப் பயமாக இருக்குமே என்று பார்த்துத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் எனக்குத்தான். இந்தக் கடிதத்தில் நான் கேட்டது ஒன்றுக்கும் பதில் வேண்டாம், படிவத்தைக் கிழித்துப் போடும். தபாலை நம்பாமல் நானே கொண்டுவந்து உம்முடைய கையில் தருகிறேன், நீர் வாசித்து முடிக்கும்வரை வாசலில் காருக்குள் இருப்பேன். பத்தொன்பதாம் திகதி உம்மைக் கூட்டிக்கொண்டு போவதும் நான்தான், மயக்க ஊசி போடுவதால் திரும்பி வரும்போது உம்மைக் கார் ஓட விடமாட்டார்கள். ஒன்று மட்டும். என்னுடைய முடிவும் அதுவேதான் என்றால் வெளியே வந்து இப்போதே சொல்லும். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஊசி போட்டால் கார் ஓட வேறு ஆள் பிடிக்க வேண்டும்.